வெள்ளிக்கிழமைக் கப்பிச் சத்தம்

பிரகலாதன் கட்டாருக்குப் போகும்போது மனைவிக்குச் சொல்லிவிட்டுப் போன புத்திமதிகள் கொஞ்சநஞ்சமல்ல. வாசல் படலையைக் கொழுவிவிட்டுப் படு, முருங்கையைக் கண்டபடி வெட்டவிடாதே, மழைக்கு முதல் கூரையைப் பார். எல்லாவற்றையும் சொல்லி முடித்து, வான் வண்டியிலும் ஏறிவிட்டு, பிறகு என்ன நினைத்தானோ, இறங்கி ஓடிவந்து சொன்னது இதுதான்:

"கிணத்துக் கப்பிக்கு மட்டும் எண்ணெய் விட்டுடாத. அது அழட்டும்."

ஊரில் மற்ற ஆம்பிளைகள் பெண்சாதியை அழாதே என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இந்த மனிதன் கப்பி அழவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறான்! அழுதுகொண்டு நின்ற சோபனாவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. சரியான விசர் என்று நினைத்துக்கொண்டாள். வான் தெருமுனையில் திரும்பும்வரை சிரித்தாள். பிறகுதான் அழுதாள்.

அவர்கள் இருவரும் சம்பூர்ப் பிள்ளைகள். இரண்டாயிரத்து ஆறில் சண்டைக்குப் பயந்து உடுத்த துணியோடு ஓடிவந்து, முகாம் முகாமாக அலைந்து, முகாமிலேயே கலியாணமும் செய்துகொண்டவர்கள். பிள்ளைகுட்டி இல்லை. இராணுவம் ஊரைத் திறந்துவிட்டபோது சொந்தக்காரர்கள் திரும்பிப் போனார்கள். இவர்கள் அதற்குள் புளியடிமுனையில் ஒரு துண்டுக் காணி எடுத்துவிட்டிருந்தார்கள். திருகோணமலைத் துறைமுகத்தின் உட்கடல் வளைந்து தரைக்குள் நுழைகிற இடம் அது. பின்பக்கத்து மேட்டில் எண்ணெய் சேர்த்து வைக்கிற ஒரு தனியார் குதம். வெள்ளைக்காரன் உலகச் சண்டைக்காலத்தில் காட்டுக்குள் கட்டிவிட்டுப் போனானே, அந்தப் பெரிய குதங்கள் இல்லை. இது பிறகு வந்தது. நாலைந்து வெள்ளைத் தாங்கிகள், சுற்றிவர முள்ளுக்கம்பி, எந்நேரமும் வந்துபோகிற பவுசர் லொறிகள்.

கடல் கூப்பிடு தூரத்தில் கிடக்கும்போது கிணறு வெட்டினால் என்ன வரும்? உப்புத்தான் வரும் என்று ஊரே சொன்னது. பிரகலாதன் கேட்கவில்லை. தானே இறங்கி வெட்டினான். முதல் ஊற்றைக் கையில் ஏந்திக் குடித்துவிட்டு, கிணற்றுக்குள் நின்றபடி அவன் போட்ட கூச்சலில் சோபனா பாம்பு கடித்துவிட்டதென்று பதறி ஓடினாள். தண்ணீர் இளநீர் மாதிரி இருந்தது. அவர்களுக்கென்று இருந்த முதல் சொத்து அதுதான். வீடு பிறகுதான் எழும்பியது.

கட்டாரில் வெள்ளிக்கிழமை லீவு. அன்றைக்குப் பின்னேரம் தொலைபேசி வரும். சுகம் விசாரித்து, ஊர்க்கதை கேட்டு, ஆர் செத்தது ஆர் பெத்தது எல்லாம் முடிந்த பிறகு, "சரி, இனி கிணத்தடிக்குப் போ" என்பான். சோபனா போனைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு வாளியை இறக்குவாள். துருப்பிடித்த கப்பி கீச்சுக் கீச்சென்று அழுதுகொண்டு சுழலும். வாளி மேலே வரும். கல்லில் தண்ணீரைச் சளாரென்று ஊற்றுவாள்.

"ஆ! இப்பதான் குளிச்சிட்டன்" என்பான் அங்கிருந்து. "இஞ்ச கடல்ல உப்பெடுத்த தண்ணி, சோபனா. எவ்வளவு ஊத்தினாலும் ஊத்தின மாதிரியே இல்லை. வந்தா முதல் வேலை கிணத்தடிதான். பெட்டியை உள்ள வைக்கிறதுக்கு முதலே."

ஒவ்வொரு வெள்ளியும் இதே கதை. அவள் அதைக் கேட்டுக் கேட்டு, ஒரு கட்டத்தில் அவன் திரும்பி வருவது அந்தத் தண்ணீருக்காகத்தான் என்று நம்பிவிட்டாள். போனவர்கள் எல்லாரும் திரும்பினார்களா என்ன? அடுத்த தெருவில் ஒருத்தன் போனவன் போனவன்தான். அங்கேயே வேறு குடும்பமாம். தன் மனிதனைக் கட்டியிழுத்து வைத்திருக்கிற கயிறு இந்தக் கிணற்றுக்குள் தொங்குகிறது என்று சோபனா நினைத்தாள். தனியாக இருக்கிற பெண்ணுக்கு இப்படி ஏதாவது ஒன்று வேண்டித்தானே இருக்கிறது.

அந்தக் கிணற்றில்தான் ஒருநாள் மண்ணெண்ணெய் மணந்தது.

முதலில் தேத்தண்ணி ஒருமாதிரி இருந்தது. கேத்தலை மாற்றிப் பார்த்தாள். பிறகு வாளித் தண்ணீரில் வெயில் பட்டபோது நீலமும் ஊதாவுமாக ஒரு மினுக்கம் ஓடியது. குனிந்து மணந்தாள். மண்ணெண்ணெயேதான்.

கிணறு கெட்டால் நம்முடைய சனம் என்ன செய்யும்? இறைக்கும். பூனை விழுந்தாலும் இறைப்பு, பாசி பிடித்தாலும் இறைப்பு, வெள்ளம் புகுந்தாலும் இறைப்பு. ஆவணியில் தண்ணீர் வற்றி நிற்கையில் அடிமட்டும் இறைத்து, சேறு அள்ளி, சுண்ணாம்பு போட்டு, சாம்பிராணி காட்டினால் கிணறு புதுக்கிணறாகிவிடும். காலங்காலமாகச் செய்து வந்த வேலை. சோபனாவும் அதைத்தான் செய்தாள். வாடகைக்கு வோட்டர் பம் பிடித்து வந்து நாள் முழுக்க இறைத்தாள். அடி மணல் தெரிந்தது. ஊறிய தண்ணீர் பளிங்குபோல வந்தது. மணம் இல்லை. பம்காரனுக்குச் சோறு போட்டு அனுப்பிவிட்டுக் கிணற்றுக்கட்டைத் தடவிக்கொண்டு நின்றாள்.

பிறகு மணம் திரும்பியது. முன்னதைவிடக் கூட.

சரி, இறைத்தது காணாது என்று திரும்ப இறைத்தாள். கொஞ்சநாள் தெளியும், பிறகு இன்னும் மோசமாகும். விடுவாளா? மாதா மாதம் இறைப்பு. பக்கத்து வளவு அன்னலட்சுமிக்கும் இவளுக்கும் சண்டை வந்தது இதனால்தான். அன்னலட்சுமி புருசனை இழந்தவள், அறுபதை எட்டுகிறவள், இடியப்பம் அவித்துச் சந்திக் கடைகளுக்குக் கொடுத்துச் சீவிக்கிறவள். இறைத்த தண்ணீர் வேலிக்கு அடியால் ஓடி அவளுடைய வாழைகளைக் கருக்கிவிட்டது. "உன்ர ஊத்தையை என்ர வளவுக்குள்ள ஊத்திறியோ?" என்று தொடங்கி, ஊர் கூடி வேடிக்கை பார்க்குமளவுக்குப் போய், கடைசியில் இருவரும் முகம் பார்ப்பதில்லை என்றாயிற்று.

இதற்கிடையில்தான் அந்தக் கேடுகெட்ட வருசமும் வந்தது. நாடு முழுக்கப் பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, சனம் வரிசையிலேயே படுத்தெழும்புகிறது. சோபனாவின் கிணற்றில் எண்ணெய் தானாக ஊறுகிறது! கான்களைத் தூக்கிக்கொண்டு ஒரு ஓட்டோக்காரன் படலைக்கு வந்து, "அக்கா, உங்கட கிணத்தில கொஞ்சம் அள்ளலாமோ?" என்று கேட்டான். சோபனா விளக்குமாற்றைத் தூக்கினாள். அவன் சந்திமட்டும் ஓடினான். ஊர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

குடிக்கவும் சமைக்கவும் சந்திக்கு வருகிற பவுசர் தண்ணீர். கான்களைச் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு வருவாள். அது சரி, வெள்ளிக்கிழமை?

வெள்ளிக்கிழமை கப்பி அழத்தான் செய்தது. அவள் மூக்கைத் தோளில் புதைத்துக்கொண்டு இழுப்பாள். எண்ணெய் மிதக்கிற தண்ணீரைக் கல்லில் ஊற்றுவாள். "ஆ! குளிச்சிட்டன்" என்பான் அவன். "நல்லாக் குளிச்சீங்களோ?" என்று இவள் கேட்பாள். குரல் உடையாமல் கேட்பதற்கு அவள் படும் பாடு அவளுக்குத்தான் தெரியும். முதலில் கொரோனா, பிறகு நாட்டு நிலைமை என்று அவனுடைய வரவு தள்ளித் தள்ளிப் போனது. வரவில்லையே என்ற ஏக்கம் ஒருபக்கம். வந்துவிட்டால் என்ன செய்வேன் என்ற பயம் மறுபக்கம். எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடாத நிலைமை இது.

ஊர் மனு மேல் மனுவாகப் போட்ட பிறகு, போன ஆடியில் ஆராய ஆள் வந்தது. வந்தவள் பஸ்மியா, கிண்ணியாப் பிள்ளை, நிலத்தடி நீர் படித்தவள். தலையில் முக்காடு, அதற்குமேல் மஞ்சள் தொப்பி. குதத்து வேலியிலிருந்து கடற்கரைவரைக்கும் அங்கங்கே துளை போட்டு மெல்லிய குழாய்களை இறக்கினாள். அந்தக் குழாய்களுக்குள் ஒரு அளவு நாடாவை விடுவாள். எண்ணெயில் பட்டால் ஒரு சத்தம் போடும், தண்ணீரில் பட்டால் வேறு சத்தம். எண்ணெய் எவ்வளவு தடிப்பு, எந்தப் பக்கம் நகருகிறது என்றெல்லாம் அதில் தெரியுமாம். மேட்டிலே மண்ணுக்குள் புதைந்த குழாய் ஒன்று பலகாலமாகக் கசிந்திருக்கிறது. அது பிடிபட்டது, அடைத்தும் ஆயிற்று. ஆனால் மண்ணுக்குள் இறங்கினது இறங்கினதுதானே.

சோபனாவின் கிணற்றுக்கு வந்தபோது நாடா போட்ட சத்தம் நிற்கவேயில்லை. பஸ்மியா திரும்பத் திரும்ப இறக்கிப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"அக்கா, எண்ணெய் சரிவுப் பக்கமா நேர கீழ போயிரிக்கணும். ஏன் இப்பிடி வளைஞ்சு உங்கட வளவுக்கு வந்திரிக்கி? நீங்க இந்தக் கிணத்த இறைக்கிறீங்களா?"

"ஓம் மிஸ்! மாசா மாசம் இறைக்கிறனான். அடி காணுமட்டும்" என்றாள் சோபனா பெருமையாக.

பஸ்மியா தொப்பியைக் கழற்றிவிட்டுக் கிணற்றுக்கட்டில் உட்கார்ந்தாள். எப்படிச் சொல்வதென்று அவளுக்கும் தெரியவில்லைப்போல.

"அக்கா, மெத்தையில நடுவில குந்தினா, பக்கத்தில கிடக்கிறதெல்லாம் நம்மட பக்கம் உருண்டு வருமில்லையா? அப்பிடித்தான். கிணத்தை அடிமட்டும் இறைச்சா இந்த இடத்தில தண்ணிமட்டம் பள்ளமாப் போகும். மேல மிதக்கிற எண்ணெய் அந்தப் பள்ளத்துக்கு ஓடி வரும். முதல்ல வந்தது கொஞ்சந்தான். மிச்சத்த... நீங்கதான் இழுத்திரிக்கிறீங்க."

சோபனா கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். அவன் வருவதற்குள் தெளிந்துவிட வேண்டும், அவன் வருவதற்குள் தெளிந்துவிட வேண்டும் என்று இறைத்ததெல்லாம் கண்முன் வந்தது. ஆசைப்பட்டு ஆசைப்பட்டு, தன் கையாலேயே தன் கிணற்றைக் கெடுத்திருக்கிறாள். "ஐயோ" என்று மட்டும் சொன்னாள்.

பஸ்மியா அதோடு விட்டாளா? இல்லை. அடுத்த கிழமை வேறொரு கதையோடு வந்தாள்.

எண்ணெய் இப்போது சோபனாவின் கிணற்றடியில்தான் திரண்டு நிற்கிறது. இறைப்பை நிறுத்தியதால் இனி அது கீழே நகரும். மாரி மழை இறங்கிவிட்டால் மண்ணெல்லாம் ஊறி, கீழ்வளவுக் கிணறுகள் ஒன்றும் மிஞ்சாது. முதலில் போவது அன்னலட்சுமியின் கிணறு. அதில் இப்போதே இலேசான மணம். இந்தக் கிணற்றையே தந்தால், மூடி போட்டு, எண்ணெயை மட்டும் மெல்ல மெல்ல அள்ளுகிற பம்பை உள்ளே இறக்கி, எண்ணெய் தப்பிப் போகாமல் இங்கேயே பிடித்து வைக்கலாம். புதிதாகக் கிணறு தோண்டப் போனால் மாரி முந்திவிடும்.

"கீழ இரிக்கிற கிணறெல்லாம் தப்பும், அக்கா. ஆனா பொய் சொல்லமாட்டன். உங்கட கிணறு கடைசியாத்தான் தெளியும். அஞ்சு வருசமோ ஆறு வருசமோ, சொல்லேலாது. கப்பி, கயிறு எல்லாம் கழட்டோணும்."

"ஏலாது" என்றாள் சோபனா. "தைக்கு அவர் வாறார். ஏலவே ஏலாது."

அன்று பின்னேரம் வேலியில் ஆள் நுழையும் ஓட்டையான பொட்டுக்கால் அன்னலட்சுமி வந்தாள். சண்டைக்குப் பிறகு அந்தப் பொட்டுக்கால் ஒரு கோழிகூடப் போனதில்லை. கையில் வாழையிலை மூடிய இடியப்பத் தட்டு.

"நான் கிணத்தைக் கேக்க வரேல்ல" என்றாள், கேட்கத்தான் வந்தவள். "தண்ணி மணந்தா என்ர இடியப்பத்தை நாயும் தின்னாது. அது வேற கதை. நான் கேக்கிறது, அவனுக்குச் சொல்லிட்டியோ?"

சோபனா தலையைக் குனிந்தாள்.

"ஒண்டும் சொல்லேல்லையோ? இவ்வளவு காலமும்? ஏனடி?"

"தண்ணிக்குத்தானே அக்கா அவர் வாறது. தண்ணி இல்லையெண்டா..." பல வருசமாக அடக்கி வைத்த அழுகையெல்லாம் ஒன்றாக வந்தது.

"விசரி" என்றாள் அன்னலட்சுமி. அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. "உப்பிடியுமோ ஒருத்தி இருப்பாள்? முதல்ல தின். பிறகு அவனுக்குச் சொல்லு."

அந்த வெள்ளிக்கிழமை அவன் "சரி, இனி கிணத்தடிக்குப் போ" என்றபோது, சோபனா வீடியோவைப் போட்டுப் போனைக் கிணற்றுக்குள் பிடித்தாள். தண்ணீர் கறுப்பாக, அசையாமல், மினுங்கிக்கொண்டு கிடந்தது. எல்லாவற்றையும் சொன்னாள். மணம் வந்தது, இறைத்தது, இறைத்து இறைத்துக் கெடுத்தது, இப்போது கிணற்றையே கேட்பது.

"அப்ப நான் கேட்ட தண்ணிச் சத்தம்?" என்றான் கடைசியில்.

"இந்தத் தண்ணிதான்."

இணைப்பு அறுந்தது. அவன் அறுத்தானா, தானாக அறுந்ததா தெரியாது. அவள் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். நெடுநேரம் கழித்து ஒரு குரற்செய்தி வந்தது. "கிணத்தைக் குடு. மற்றச் சனத்தின்ர தண்ணி கெடக்கூடாது." அவ்வளவுதான். வருவேன் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை.

கிணற்றுக்குத் தகர மூடி வந்தது. பம் இறங்கியது. பக்கத்தில் பீப்பாக்களை வைத்துக் குழாய் கொழுவினார்கள். பம் ஓடும்போது வீட்டுச் சுவர் இலேசாக அதிரும். கழற்றி எறிந்த கப்பியை அன்னலட்சுமி தூக்கிக்கொண்டு போனாள். "கரண்ட் பில் பாத்தா மோட்டர் போடேலாது. என்ர கிணத்தில கட்டுறன். துருப்பிடிச்சுக் கிடக்கிறதிலும் அழுதுகொண்டாவது கிடக்கட்டும்." சோபனா அவளுக்கு ஒன்றே ஒன்று சொன்னாள்: எண்ணெய் விடக்கூடாது.

பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் அவன் எடுத்தான். சுகம் கேட்டான். மழை எப்படி என்று கேட்டான். கிணற்றடிக்குப் போ என்று மட்டும் சொல்லவில்லை. போனை வைத்த பிறகு அவள் கையில் ஒன்றுமில்லாமல் முற்றத்தில் நிற்பாள். இந்த மனிதன் இனி வரப்போவதில்லை என்று மனம் முடிவுகட்டிவிட்டது. ஆனாலும் தை பிறந்ததும் வீட்டைக் கழுவினாள். முருங்கையைக்கூட ஒருவரையும் தொடவிடவில்லை.

வந்தான். ஒரு மத்தியானம் வான் வந்து நின்றது. மெலிந்து, கறுத்து, முன்தலை வழுக்கையாகி, ஒரு பெரிய பெட்டியோடு படலையைத் திறந்தவன், அங்கேயே நின்றுவிட்டான். வேலிக்கு அந்தப் பக்கம் அன்னலட்சுமி மாக் குழைக்கத் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள். கப்பி கீச்சுக் கீச்சென்று அழுதது.

"எங்கட கப்பி" என்றான்.

பெட்டியை முற்றத்திலேயே போட்டுவிட்டு, சோபனாவைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு, வேலிப் பொட்டுக்கால் நுழைந்தான். அன்னலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி அடுப்படிக் குசினிக்குள் போய்விட்டாள். அவன் சட்டையைக் கழற்றிவிட்டுக் கல்லில் குந்தினான்.

"அள்ளு."

சோபனா கயிற்றை இழுத்தாள். தண்ணீர் நல்ல தண்ணீர். முன்பிருந்த இலேசான மணமும் போயிருந்தது. வாளியை அவன் தலையில் ஊற்றினாள். இன்னொரு வாளி. அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

"இதுதான்" என்றான்.

"என்னது? கப்பியோ?"

"கப்பியில்ல. நீ கயிறு இழுக்கேக்க ஒவ்வொரு இழுவைக்கும் ஒரு மூச்சு விடுவ. ம்ஹ்... ம்ஹ்... எண்டு. அதைக் கேக்கத்தான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எடுக்கிறனான். கப்பிக்கு எண்ணெய் விட்டா லேசாச் சுத்தும். உனக்கு மூச்சு வாங்காது."

சோபனாவின் கையிலிருந்து கயிறு நழுவியது. வாளி தடாலென்று கிணற்றுக்குள் விழுந்தது.

"அடப் பாவி மனுசா! இத்தினை வருசமா என்ர கை முறிய முறிய... அதைச் சொல்லியிருக்கலாந்தானே! நான் தண்ணிக்கெண்டு நினைச்சு, நாசமாய்ப் போன கிணத்தை இறைச்சு இறைச்சு..." திட்டிக்கொண்டே அவன் ஈர முதுகில் இரண்டு அடி போட்டாள். பிறகு அந்த முதுகிலேயே முகத்தை வைத்துக்கொண்டாள். "அப்ப ஏன் பிறகு கேக்கேல்ல? கிணத்தடிக்குப் போ எண்டு ஏன் சொல்லேல்ல?"

"எப்பிடிச் சொல்லுறது? அந்த மணத்துக்குள்ள நிண்டுகொண்டு எனக்காண்டி இழுத்திருக்கிறாய். நான் அங்க குளிச்சிட்டன் குளிச்சிட்டன் எண்டு பகிடி விட்டிருக்கிறன். வாய் வரேல்ல, சோபனா."

அவனுக்கு லீவு இரண்டு மாதந்தான். பங்குனியில் வான் திரும்ப வந்தது. இந்தமுறை புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. தகர மூடியை ஒருதரம் தட்டிப் பார்த்துவிட்டு ஏறிப் போனான். வீடு திரும்பவும் வெறுமையானது. அந்த வெறுமையை எந்தப் பம்பாலும் இறைத்துவிட ஏலாது.

அடுத்த வெள்ளிக்கிழமை தொலைபேசி வந்தபோது அவள் ஏற்கெனவே அன்னலட்சுமியின் கிணற்றடியில் நின்றாள். போனைக் கட்டில் வைத்தாள். வாளியை இறக்கினாள். இழுத்தாள், ஊற்றினாள், திரும்ப இழுத்தாள். அவன் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"காணும், சோபனா, விடு. கை நோகும்."

"நோகட்டும்" என்றாள். வாளியைத் திரும்ப இறக்கினாள்.